பெருங்களத்து நிழல்களின் தலைச்சுமை

அடிமைகளாக வைத்திருக்கப்பட்டவர்களின் வம்சத்துக்கு அரசாங்கம் ஈடு செய்யும் என்று சட்டசபையில் எல்லாரும் கை தூக்கிச் சட்டம் நிறைவேற்றிய மறுநாள் காலை, பெருங்களத்தில் வழக்கம்போல் பால்காரர் தாமதமாக வந்தார், வழக்கம்போல் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது, வழக்கம்போல் நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் மாடிச் சுவரில் விழுந்த என் நிழலின் தலைமேல் ஒரு நாற்காலி இருப்பதைப் பார்த்தேன்.

தலையைத் தடவிப் பார்த்தேன். ஈரத்துண்டு மட்டும்தான் இருந்தது. நிழலில் துண்டு இல்லை, நாற்காலிதான் இருந்தது. அகலமான கைப்பிடியும் சாய்வும் உள்ள பெரிய நாற்காலி. கவிழ்த்துத் தூக்கியதில் நாலு காலும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நிழல் கையை இறக்கவில்லை, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தபடியே நின்றது.

"இறக்குடி அதை. வேற வேலை இல்லை உனக்கு?" என்று அதட்டினேன். அது இறக்கவில்லை. எனக்குத் துவைக்க இன்னொரு வாளி பாக்கி இருந்தது, கீழே போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் சூசைநாதன் மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் நிழல் தோளில் ஒரு நீளக் கொம்பு, பல்லக்குக் கொம்பின் முன்முனை. பல்லக்கைக் காணவில்லை, மற்ற மூன்று ஆட்களையும் காணவில்லை, கொம்பு மட்டும்.

"பிலோமி, இடது தோள் பிடிச்சிருக்கு. தலகாணி சரியில்லை போல."

"தலகாணியில ஒண்ணுமில்லை. நிழலைப் பாருங்க."

பார்த்தார். துணியை உதறி ஸ்கூட்டர் மேல் போட்டார். "எங்க ஆயா வழியில பல்லக்குத் தூக்கினதா சொல்லுவாங்க" என்றார், யாரோ தூரத்து உறவினர் ஊரிலிருந்து வந்திருப்பதைச் சொல்லும் குரலில், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார், கொம்பும் கூடவே போயிற்று.

பெருங்களம் ஒரு காலத்தில் ஊரே இல்லை. ஒரே பண்ணையின் நெல்லடிக்கும் களம், அவ்வளவுதான். நிலத்தை விற்கும்போது மாடு, மரம், கிணற்றோடு எங்கள் ஆட்களையும் சேர்த்து விற்றார்கள், அடமானம் வைத்தார்கள், மகள் கல்யாணத்துக்குச் சீரோடு அனுப்பினார்கள். சட்டம் வந்து அடிமை என்ற சொல்லை எடுத்த பிறகும் வேலை அப்படியேதான் இருந்தது, சொல் மட்டும் மாறியது. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்கு அமெரிக்காவில் இருந்த அடிமைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார், வகுப்பே விம்மியது. பருத்திக் காட்டுக்காக அழுதோம். ஜன்னலுக்கு வெளியே இருந்த நெல்வயலுக்காக யாரும் எங்களை அழச் சொல்லவில்லை.

அன்று பகல் முடிவதற்குள் ஊர் முழுக்கச் சுமை. காலனித் தெரு, மாதா கோயில் தெரு, ரயில்வே கேட் தாண்டிப் புதிதாக வீடு கட்டிப் போனவர்கள், எங்கே போயிருந்தாலும் அவரவர் தலைக்கு அவரவர் சுமை வந்து சேர்ந்தது. நெற்கட்டு, எருக்கூடை, வைக்கோல்போர், குளம் தூர்வாரிய மண்கூடை, பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்குக் கொண்டுபோன அண்டா. சென்னையிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் போட்டோ அனுப்பினார்கள். 'அம்மா, இங்க ஆபீஸ் பார்க்கிங்கில் எனக்கு வாழைத்தார் விழுது, என்ன பண்றது?' அம்மாக்கள் பதில் அனுப்பினார்கள்: 'தலைக்கு எண்ணெய் வை.'

முதல் வாரம் சங்கடமாகத்தான் இருந்தது. டவுன் பஸ் கண்டக்டர் நிழலைப் பார்த்து லக்கேஜ் டிக்கெட் கேட்டார், எங்கள் தெரு லூர்து மேரி அவரை இறங்கச் சொல்லிச் சண்டை போட்டாள், பஸ் பழைய பாலத்திலேயே நின்றது, கடைசியில் சீட்டில் உட்கார்ந்த சுமைக்கு டிக்கெட் உண்டு, நிழலாக விழுந்த சுமைக்குக் கிடையாது என்று டெப்போவிலிருந்து உத்தரவு வந்தது. கல்யாண போட்டோக்காரர் சூரியன் நடு உச்சிக்கு வரும்வரை மாப்பிள்ளையையும் பெண்ணையும் பந்தியில் உட்காரவைத்தார். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் பிள்ளைகள் ஒருவர் நிழல்மேல் ஒருவர் ஏறி நின்று எங்கள் எருக்கூடை பெரிசு, உங்கள் எருக்கூடை பெரிசு என்று விளையாடினார்கள். மதுரைப் பக்கம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்த கூட்டுறவு வங்கிக் கேஷியருக்குச் சாணிக்கூடை விழுந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் அவர் மேஜையை ஜன்னலிலிருந்து தள்ளி இருட்டு மூலையில் போட்டார்கள். கொஞ்ச நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தார், பிறகு தானே அதை இழுத்து வெளிச்சத்தில் போட்டுக்கொண்டார். மாதா கோயில் பாதர் பிரசங்கத்தில் சிலுவை சுமந்ததைப் பற்றி ஆரம்பித்தார், நான் முதல் வரிசையிலிருந்து ஒரு பார்வை பார்த்தேன், சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

மேலத்தெருவில் மட்டும் யாருக்கும் சுமை இல்லை என்றார்கள். இல்லை என்றார்கள், அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் மேலத்தெருக்காரர்கள் திடீரென்று குடை இல்லாமல் வெளியே வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

ஈடு கொடுப்பதற்கென்றே தனித் தாசில்தார் ஒருவரை அரசாங்கம் அனுப்பியது. பெயர் கஜபதி. தர்மபுரிக்காரர், ஒல்லி, சட்டைப்பையில் எப்போதும் வியர்வைத்துண்டு. நல்ல மனிதர், அதனாலேயே பார்க்கப் பரிதாபமாக இருந்தார். யாருடைய வம்சம் என்று எப்படி நிரூபிப்பது என்று தலைமைச் செயலகம் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் நிழல்கள் தாமே வந்து சாட்சி சொல்லிவிட்டதால் அவர் வேலை சுலபமாகிவிட்டது. ஒன்றியப் பள்ளி மைதானத்தில் காலை வெயிலில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். கடைத்தெருவிலிருந்து சிலர் நிஜமான மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"ஐயா, மூட்டையைக் கொஞ்சம் இறக்கி வச்சிட்டு நில்லுங்க."

"இல்லைங்க சார், இது பரம்பரையா இருக்கு."

"உள்ள என்ன?"

"சலவைக்குப் போடவேண்டிய துணிங்க."

என் முறை வந்தது. கஜபதி என் நிழலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அம்மா, நாற்காலி எந்த வகையிலயும் வரலையே. விவசாயச் சுமையா, வீட்டு வேலைச் சுமையா?"

"அதுல உட்கார்ந்தவங்களைக் கேளுங்க சார். தூக்கினவங்களை ஏன் கேக்குறீங்க?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு 'இதர' என்று எழுதிக்கொண்டார்.

ஜெசிந்தா ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். என் ஒரே மகள், கரூரில் பஸ் கூண்டு கட்டும் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள், என் வாயில் பாதி அவளுக்கு உண்டு. ரயிலடியில் அவள் இறங்கியபோது நான் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, பிளாட்பாரத்தைப் பார்த்தேன். வயிறு தெரிந்தது. வயிற்றுக்குமேல், தலையில், பச்சை நெற்கட்டு. அறுத்த உடனே கட்டித் தூக்கிய ஈரக்கட்டு, சொட்டிக்கொண்டே இருந்தது, அவள் நிழல் போன வழியெல்லாம் சிமெண்டில் சின்னச் சின்ன நிழல்துளிகள்.

"கழுத்து வலிக்குதாடி?"

"கழுத்து பரவாயில்லை. கீழ இறங்கி அழுத்துதும்மா. இவன் அசையவே மாட்டேங்குறான்."

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஏன் ஏறவில்லை என்று தெரியவில்லை, வெயிலில் போகாதே என்றார். நிழலிலேயே உட்காரவைத்தால் மட்டும் சுமை போய்விடுமா, பார்க்க முடியாமல் இருக்கும், அவ்வளவுதான். அதே வாரம் லூர்து மேரி மகளுக்குக் குழந்தை பிறந்தது. நர்ஸ் அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுவந்தபோது வெள்ளைச் சுவரில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம்: அந்த ஒரு பிடி நிழலின் தலையில் ஒரு பிடி நெற்கட்டு. பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது என்பது ஊரறிந்தது. ஆனால் இது தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பல்லைக் கடிப்பதுபோல் ஈறைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது.

லூர்து மேரி என் கையைப் பிடித்தாள். "நீ படிச்சவ. உன் பேரப்பிள்ளைக்காவது ஏதாவது செய்யேன்."

அன்றிலிருந்து எனக்கு வேறு எண்ணம் இல்லை. பிரசவத்துக்கு முன்னால் அந்தக் கட்டு என் மகள் தலையிலிருந்து இறங்க வேண்டும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அமைச்சர் மேடையில் ஏறி, எந்தக் காகிதத்தையும் பார்க்காமல், 'உங்களுக்குச் செய்தது தவறு' என்றார். அந்த வார்த்தையை எங்கள் ஊர் அதற்குமுன் மேடையில் கேட்டதில்லை. நிலம் கொடுத்தார்கள், எங்கள் ஆட்கள் நடவு நட்ட அதே நிலம், பெண்கள் பெயரில் பட்டா. வாங்கிக்கொண்டோம். ஏன் வாங்கக்கூடாது? பட்டா கைக்கு வந்த அன்று மைதானத்தில் ஒரு விஷயம் நடந்தது: ஜெசிந்தாவின் நெற்கட்டு சொட்டுவது நின்றது. கட்டு காய்ந்தது. காய்ந்த கட்டுக்கு எடை கொஞ்சம் குறைவு. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரு உதை விட்டான்" என்றாள்.

ஆனால் கட்டு இறங்கவில்லை. யாருடையதும் இறங்கவில்லை.

கஜபதி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மா, சட்டத்துல சொன்னது எல்லாம் குடுத்தாச்சு. மேலேருந்து தினம் கேக்குறாங்க, இறங்கிடுச்சா இறங்கிடுச்சான்னு. இன்னும் என்ன குடுக்கணும்?"

"சார், நீங்க தலையில எதையாவது தூக்கியிருக்கீங்களா?"

"இல்லைம்மா. எங்க அப்பா தலைமையாசிரியர்."

"கனமான கட்டைத் தானா ஏத்தவும் முடியாது, தானா இறக்கவும் முடியாது. இன்னொரு ஆள் கை குடுக்கணும். ஆள் இல்லைன்னா சுமைதாங்கிக் கல்லு வேணும்."

எங்கள் பக்கத்துச் சாலைகளில் அந்தக் கற்கள் இன்றும் உண்டு. நட்டுவைத்த இரண்டு கல்லும் மேலே படுக்கவைத்த ஒரு பலகைக் கல்லும், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. தலைச்சுமையோடு வருகிறவர்கள் குனியாமல் சுமையை அதன்மேல் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்களுக்காக அவர்கள் வீட்டார் நடுவது வழக்கம், இறக்காமல் போன சுமையை அவள் அங்கே இறக்கிவைப்பாள் என்று. பண்ணைச் சாலையில் பண்ணை வீட்டுப் பெண்களுக்கு நட்ட கல் இருந்தது. களத்திலேயே கட்டோடு விழுந்து வயிற்றுப் பிள்ளையோடு போன எங்கள் பெண்களுக்கு யார் நட்டார்கள்? செத்தவளைத் தூக்கிய கையோடு அவள் கட்டையும் தூக்கிக் களத்தில் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள்.

கஜபதி இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு மதிப்பீடு தயாரித்தார். பழைய களத்துமேட்டில், இப்போது உழவர் சந்தை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கருங்கல்லில் சுமைதாங்கி கட்டினார்கள். நன்றாகவே கட்டினார்கள். ஆனால் அரசாங்கம் கட்டியதல்லவா, திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் அல்லவா, வெயில் படக்கூடாது என்று அதற்குமேல் தகரக்கூரை போட்டு, கூரைக்குக் கீழே பெயர்ப்பலகை வைத்து, மேடு முழுக்க ஷாமியானா போட்டார்கள். மேளம் முழங்கியது, எல்லாரும் எழுந்து நின்றோம், அமைச்சர் நாடாவை வெட்டினார், எல்லாரும் தரையைப் பார்த்தோம். தரையில் நிழலே இல்லை. ஒருவருக்கும் இல்லை.

"ஏன்யா, வெயிலை மறைச்சிட்டு நிழல் எங்கேன்னு தேடுறீங்க?" என்று நான் கேட்டது மைக்கிலேயே விழுந்துவிட்டது.

கூரையைப் பிரிக்க முடியாது, அது மதிப்பீட்டில் இருக்கிறது, தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள் என்று கஜபதி புலம்பினார். மறுநாள் சூசைநாதன் வாரியத்து ஏணியோடு போனார். மேலே போகும் மின்கம்பிக்குக் கூரை இடைஞ்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தகரத்தைக் கழற்றினார். அந்தப் பக்கம் கம்பியே போகவில்லை. என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய், அதையும் வாரியத் தாளில் கையெழுத்துப் போட்டுச் சொன்னார்.

வெயில் கல்மேல் விழுந்தது, கல்லின் நிழல் தரையில் விழுந்தது. ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நிழல் கல்லின் நிழலோடு போய் நெருக்கி நின்றது, கட்டைச் சாய்க்கப் பார்த்தது, முடியவில்லை. காலகாலமாகப் பிடித்த கை கட்டோடு கட்டாக ஒட்டிப்போயிருந்தது. நான் கை கொடுக்கப் போனேன், என் நிழலின் இரண்டு கையும் நாற்காலியில். லூர்து மேரி போனாள், அவள் நிழலின் கை அண்டாவில். ஊரில் சுமைக்காரர்கள் யாருக்கும் ஓய்ந்த கை இல்லை. கஜபதி சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "ஈடு செய்யுறது அரசாங்கம். அரசாங்கத்தோட கை நான்தான்" என்று சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினார். அவர் நிழலின் கை கட்டுக்குள் புகை மாதிரிப் போய் அந்தப்பக்கம் வந்தது. திரும்பத் திரும்ப முயன்று பார்த்தார். கடைசியில் கல்லடியில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஏத்தலை சார்" என்றேன். "ஏத்தின கைதான் இறக்கணும் போல."

ஜெசிந்தாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் நேராகப் பண்ணை வீட்டுக்கு நடந்தேன்.

பண்ணை வீட்டில் மிச்சம் இருப்பது சௌந்தரவல்லி ஒருத்திதான், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், அண்ணன் சென்னையில். கான்வென்ட்டில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். என் டிபன் டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாட்டைத் திருடித் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போகுமுன் வேப்பிலையை மென்று வாய் கொப்பளிப்பாள். பத்தாம் வகுப்போடு பெஞ்ச் முடிந்தது. அதற்குப் பிறகு கடைத்தெருவில் பார்த்தால் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், இரண்டு பேருக்குமே கடைக்கு நேரமாகிவிடும்.

கதவு தட்டினேன். பட்டப்பகலில் எல்லா ஜன்னலும் சாத்தி, திரை போட்டு, உள்ளே இருட்டு. வல்லி கதவை ஒரு சாண் திறந்தாள்.

"பிலோவா? வா வா. உட்காரு" என்று சமையலறைப் பக்கமிருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் காட்டினாள். கண் இருட்டுக்குப் பழகியபோது கூடத்தின் நடுவில் அந்த நாற்காலியைப் பார்த்தேன். அகலக் கைப்பிடி, சாய்வு. கவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, எனக்கு அதன் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும்.

"தாத்தாவுக்கு அப்பாவோடது" என்றாள் என் பார்வையைப் பார்த்து. "அறுப்பு நேரம் வயலுக்கே கொண்டுபோகச் சொல்வாராம். அப்பா போனதிலேருந்து யாரும் உட்கார்றதில்லை."

நான் முக்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"நான் என்னடி பண்ணேன்?" என்றாள். "நான் யாரையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? அப்ப நான் பொறக்கவே இல்லையே."

"நானும்தான் பொறக்கலை. ஆனா கழுத்து எனக்குத்தானே வலிக்குது."

"அண்ணா போன் பண்ணினான். வக்கீல் சொல்றாராம், தொடவே தொடாதே, தொட்டா ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும், அப்புறம் இருக்கிற வீட்டையும் கேப்பாங்கன்னு. மேலத்தெருவுல எல்லாரும் பேசி வச்சிருக்காங்க. சுமை நம்ம தலைக்கு மாறிடும்னும் சொல்றாங்க."

"உன் வீட்டைத் தூக்கிட்டுப் போக எங்க தலையில இடமில்லை, வல்லி. ஏற்கனவே உன் நாற்காலி இருக்கு."

சொன்னது காரமாகத்தான் விழுந்தது. அவள் முகம் சுருங்கியது. நான் திரும்பி, எனக்கே உரிய பொறுமையோடு கதவை விரியத் திறந்தேன். வெயில் ஒரு பாய் அகலத்துக்கு உள்ளே விழுந்தது, அவள் விலகுவதற்குள் அவள் நிழலும் விழுந்தது.

சுமை இல்லைதான். ஆனால் அந்த நிழலின் வலது கை தோள் உயரத்துக்கு நீண்டிருந்தது, விரல் ஒன்று எதையோ, யாரையோ, 'அதை எடு, அங்கே வை' என்று காட்டிக்கொண்டிருந்தது. வல்லியின் நிஜக் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது, நிழல் கை அசையவில்லை.

அப்போது புரிந்தது மேலத்தெருவுக்கு எதற்கு அத்தனை குடை என்று.

"எத்தனை நாளா?"

"உங்களுக்கு வந்த அன்னிக்கே. தண்ணி குடிச்சாலும் நீட்டிட்டுத்தான் இருக்கு. சாமி கும்பிட்டாலும். சாமியையே காட்டுதுடி. கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டேன்."

"வலிக்குதா?"

"தோள் விட்டுப்போகுது."

எனக்கு வாயில் வந்த பதில் இரண்டு மூன்று இருந்தன, எல்லாம் நல்ல பதில்கள். ஒன்றையும் சொல்லவில்லை. "ஜெசிந்தா பிள்ளைக்கு எடை ஏறலை. நாளைக்குக் காலையில களத்துமேட்டுல இருப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் ஊரே கல்லைச் சுற்றி நின்றது. கஜபதி வந்திருந்தார். ஜெசிந்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, "அம்மா, ஆட்டோவுக்குச் சொல்லிடு" என்றாள், நான் சொல்லவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது, வரிசை என்றாலே ஆகாது, ரேஷன் கடையில் என்னை முதலில் அனுப்பிவிடுவார்கள். அன்று காத்திருந்தேன்.

சாலைத் திருப்பத்தில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. மேலத்தெரு மாடிகளில் திரைகள் விலகின. யாரோ மேலேயிருந்து "வல்லி, வேண்டாம்" என்று கூப்பிட்டார்கள். அவள் நிற்கவில்லை. எங்கள் எதிரில் வந்தாள், ஒரு மூச்சு இழுத்தாள், குடையை மடக்கிக் கஜபதி கையில் கொடுத்தாள்.

நீட்டிய விரலோடு அவள் நிழல் எல்லார் கண்முன்னும் விழுந்தது. லூர்து மேரிதான், "அடிப்பாவி, உனக்கும் கஷ்டமா?" என்றாள், திட்டு மாதிரியும் இல்லை.

வல்லி ஜெசிந்தாவின் முன்னால் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள். தரையில், நீண்டு விறைத்திருந்த அந்த நிழல் கை காய்ந்த கொம்பு மாதிரி நடுங்கி, முழங்கையில் மடங்கி, விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து, கட்டின் அடியில் போய்ப் பிடித்தது. புகை மாதிரிப் போகவில்லை. பிடித்தது.

"அம்மாடி" என்றாள் வல்லி, பல்லைக் கடித்தபடி. "இவ்வளவா?"

"இது காய்ஞ்ச கட்டு" என்றேன். "பச்சையா இருந்தப்ப நீ பார்த்திருக்கணும்."

வெறும் காற்றில் கையை வைத்துக்கொண்டு அவள் வியர்த்தாள், முழங்காலை வளைத்தாள், ஜெசிந்தா கூடவே வளைந்தாள், கட்டு தலையிலிருந்து ஒரு விரற்கடை எழுந்தது, சாய்ந்தது, கல்லின் நிழல்மேல் போய் உட்கார்ந்தது. ஜெசிந்தாவின் நிழல் கைகள் இறங்கின. அவை இறங்குவதற்கு வெகுநேரம் ஆனது. இறங்கியதும் நேரே வயிற்றைப் பிடித்துக்கொண்டன.

"அம்மா, இப்ப ஆட்டோவுக்குச் சொல்லு" என்றாள்.

பேரன் மதியம் பிறந்தான். நல்ல எடை. டாக்டரம்மா தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்தார். நான் அவனை வாங்கிக்கொண்டு, யார் தடுத்தும் கேளாமல், ஜன்னல் வெயிலுக்குக் கொண்டுபோனேன். சுவரில் ஒரு மொட்டைத்தலை. தலைமேல் ஒன்றும் இல்லை. அவன் கையை வீசினான், நிழலும் கையை வீசியது, அவன் வீசிய அதே பக்கம்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து வல்லி தினமும் களத்துமேட்டுக்கு வந்தாள். சுமை அவள் தலைக்கு மாறவில்லை, வீட்டையும் யாரும் கேட்கவில்லை, அண்ணன் மட்டும் போனை எடுப்பதை நிறுத்தினான். முதலில் லூர்து மேரி பேத்தியின் ஒரு பிடி கட்டு. பிறகு அண்டாக்கள், எருக்கூடைகள், வங்கிக் கேஷியரின் சாணிக்கூடை. தோளில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தாள். சில நாள் கழித்து மேலத்தெருவிலிருந்து இன்னொரு குடை வந்து மடங்கியது, பிறகு இன்னொன்று. வராதவர்கள் வரவே இல்லை, அவர்கள் ஜன்னல்கள் இன்றும் சாத்தித்தான் இருக்கின்றன. கஜபதி சுமைக்காரர்களுக்கும் இறக்குகிறவர்களுக்கும் மோர் கொடுத்தார், அதற்கு மதிப்பீட்டில் இடம் இல்லை, சொந்தப் பணம். பல்லக்குக் கொம்பை இறக்க ஆட்கள் கூடி நிற்க வேண்டியிருந்தது; இறக்கிய சாயங்காலம் சூசைநாதன் தலகாணி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

நான் வரிசையில் கடைசியாக நின்றேன். தினமும் எனக்கு முன்னால் யாராவது ஒரு கிழவரையோ பிள்ளைத்தாய்ச்சியையோ விட்டேன். "என்னம்மா, உங்களுக்கா பொறுமை?" என்று கஜபதி கேட்டார். மோரில் உப்பு கம்மி என்றேன்.

கடைசியில் வரிசையில் யாரும் இல்லை.

"வாடி" என்றாள் வல்லி. "உன்னுதுதான் பாக்கி."

"கை வலிக்குதுன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம். எனக்கு அவசரம் ஒண்ணுமில்லை."

"உனக்கா?" என்று சிரித்தாள், வேப்பிலை மெல்லுவதற்கு முன்னால் சிரிக்கிற அதே சிரிப்பு. கையை உயர்த்தினாள். தரையில் அவள் நிழல் நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்தது, தூக்கியது. என் கழுத்து நீண்டது. கான்வென்ட்டில் சிஸ்டர் அத்தனை வருஷம் நேராக நில், நேராக நில் என்று கத்தியது எதற்கென்று அன்றுதான் தெரிந்தது.

நாற்காலியைக் கல்மேல் வைக்க வல்லியின் நிழல் திரும்பியது. பிறகு நின்றது. யோசித்தது. நாற்காலியை நிமிர்த்தி, நாலு காலும் மண்ணில் படும்படி, களத்துமேட்டு வெயிலில், என் நிழலுக்குப் பின்னால் போட்டது.

நான் நின்றுகொண்டிருந்தேன். என் நிழல் கைகளை இறக்கிக்கொண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல் உட்கார்ந்தது.